பழைய டயர், கழிவு எண்ணெய்: பைரோலிசிஸ் உலை வைப்பது சரிவருமா?

ஃபீனிக்ஸ் டயர்க்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் நானும் என் தம்பியும் ஒரு டயர்க் கடையும், அதை ஒட்டி ஒரு வாகனப் பட்டறையும் நடத்தி வருகிறோம். கழற்றிப் போடும் டயர்கள் பின்கட்டில் குவிகின்றன. மழை பெய்தால் அவற்றுக்குள் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. உள்ளே இருக்கும் கம்பிக்காக எரித்து விற்பவர்கள் இரவில் சுவரேறிக் குதித்து எடுத்துச் செல்கிறார்கள். என்ஜினிலிருந்து வடிக்கும் கறுப்பு எண்ணெயும் பீப்பாய் பீப்பாயாகச் சேருகிறது. அதை மட்டும் சேகரிப்பாளர் ஒருவர் வந்து வாங்கிக்கொள்கிறார்.

என் மைத்துனருக்கு டர்பனுக்கு மேற்கே கேட்டோ ரிட்ஜில் ஒரு மனை இருக்கிறது. அங்கே பைரோலிசிஸ் உலை, அதாவது காற்றில்லாமல் சூடேற்றிச் சிதைக்கும் உலை, ஒன்றை வைத்து இரண்டு கழிவுகளையும் காசாக்கலாம் என்பது அவருடைய யோசனை. இறக்குமதி முகவர் ஒருவர் ஒரு தடவைக்கு 10 டன் டயர் கொள்ளும் சுழல் உலையைக் காட்டியிருக்கிறார். நூற்றுக்கு 45 பங்கு டீசலாகவும், 30 பங்கு கார்பன் பிளாக்காகவும் (டயர் ரப்பரில் சேர்க்கும் நுண்கரி), மீதி கம்பியாகவும் வாயுவாகவும் கிடைக்கும் என்றும், அந்த வாயுவே உலையை எரிக்கப் போதும் என்றும் அவர் தந்த தாளில் அச்சிட்டிருக்கிறது. லிமோனீன், பென்சீன், டொலுயீன் போன்ற விலை உயர்ந்த வேதிப்பொருள்களையும் பிரித்தெடுக்கலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு உண்மையா? டயரோடு கழிவு எண்ணெயையும் சேர்த்து ஓட்டலாமா? வீட்டை அடகு வைத்துப் பணம் போட வேண்டியிருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மெரபேங்க் பொறியாளர் எழுதியது:

தம்பி, வணக்கம். தென் டர்பனில் இயங்கிய சுத்திகரிப்பாலை ஒன்றில் காய்ச்சிவடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முகவர் தந்த தாளில் விகிதங்கள் ஏறக்குறைய சரி; அந்தப் பொருள்களுக்கு அவர் சூட்டியிருக்கும் பெயர்கள்தான் தவறு.

காற்றுப் புகாத உலையில் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், ரப்பர் எரிவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுகள் துண்டு துண்டாக அறுந்து ஆவியாகின்றன. ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய், குளிராமல் எஞ்சுவது வாயு, உலையின் அடியில் தங்குவது கரியும் கம்பியும். 10 டன் டயருக்கு நான்கு முதல் ஐந்து டன் எண்ணெயும், மூன்று முதல் நான்கு டன் கரியும் வருவது நடைமுறையில் காணக்கூடியதே. வாயு உலையை எரிக்கப் போதும் என்பதும், உலை சூடேறிய பிறகு, பெரும்பாலும் உண்மைதான்.

அந்த எண்ணெயை டீசல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரப்பரை வலுவாக்குவதற்காகவே கந்தகம் சேர்க்கிறார்கள். டயரின் எடையில் அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 10 டன்னில் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேல் கரியிலேயே தங்கிவிடுகிறது. மீதி எண்ணெயிலும் வாயுவிலும் போகிறது. விளைவாக எண்ணெயில் கந்தகம் ஒரு விழுக்காட்டையொட்டி, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு என்ற அளவில் நிற்கும். நம் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் டீசல் வகைகளில் மட்டமானதற்கே 500 பங்குதான் உச்சவரம்பு. டீசலின் தீப்பற்றுநிலை 55 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது தரநிலை. காய்ச்சிவடிக்காத டயர் எண்ணெயோ, பெட்ரோலைப் போன்ற இலேசான பகுதிகளும் கலந்தே வருவதால், 30 டிகிரிக்குக் கீழேயே தீப்பிடிக்கும் ஆவியைத் தரக்கூடும். டர்பனின் கோடையில் தகரக் கொட்டகைக்குள் அந்தப் பீப்பாய்கள் எப்படி இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டீசல் என்ஜினில் எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் போதாது. லாரியின் இன்ஜெக்டர் வீணாவது ஒருபுறமிருக்க, பெட்ரோலியப் பொருள்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் எரிபொருள் தயாரித்து விற்பது குற்றம்.

ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தை நீக்கினால் அது நல்ல மூலப்பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. ஜெர்மனியில் டயர் எண்ணெய் தயாரிக்கும் பைரம் நிறுவனத்தில் பாஸ்ஃப் என்ற பெரிய வேதி நிறுவனம் 2020-இல் 1.6 கோடி யூரோ முதலீடு செய்தது அதற்காகத்தான். அந்த எண்ணெயை அவர்கள் எரிப்பதற்கு வாங்கவில்லை, தங்கள் வேதி ஆலைக்குள், கச்சா எண்ணெயிலிருந்து வரும் மூலப்பொருளான நாப்தாவுக்குப் பதிலாகச் செலுத்துவதற்கு வாங்குகிறார்கள். நமக்கோ, டர்பனின் இரண்டு சுத்திகரிப்பாலைகளில் ஒன்று 2020 டிசம்பரில் நடந்த தீவிபத்துக்குப் பிறகும், மற்றொன்று 2022-இலும் நின்றுவிட்டன. எனக்குத் தெரிந்து, கேட்டோ ரிட்ஜுக்குப் பக்கத்தில் இந்த எண்ணெயை வாங்கி அப்படிச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை இல்லை.

லிமோனீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தத் தொழிலில் ஆசை காட்டப் பயன்படும் சொல் அதுதான். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் அலகுகளைக் கோத்த சங்கிலி. சூட்டில் அது அறும்போது இரண்டிரண்டு அலகுகளாகப் பிரிந்து வளையமாக மூடிக்கொண்டால் கிடைப்பது லிமோனீன். ஆரஞ்சுத் தோலின் மணத்துக்குக் காரணமான பொருளின் கலப்பு வடிவம்தான் இது. கரைப்பானாகவும் பசை தயாரிப்பிலும் இதற்கு நல்ல விலை உண்டு. இயற்கை ரப்பர் அதிகமாக இருக்கும் லாரி டயரில் இது கூடுதலாக வரும். உலையின் சூடு 500 டிகிரியைத் தாண்டத் தாண்ட இது உடைந்து பென்சீன் இனப் பொருள்களாக மாறிவிடும். ஆகவே லிமோனீனும் வேண்டும், பென்சீனும் டொலுயீனும் வேண்டும் என்று ஒரே ஓட்டத்தில் கேட்க முடியாது.

பிரித்தெடுப்பது அதைவிடக் கடினம். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி. அதே எண்ணெயில் இருக்கும் டிரைமெத்தில்பென்சீனின் ஒரு வகை 176-இலும், சைமீன் 177-இலும், இன்டேன் 178-இலும் கொதிக்கின்றன. நான் வேலை பார்த்த கோபுரங்களில்கூட ஒரு டிகிரி இடைவெளியில் இரண்டு பொருள்களைப் பிரிப்பது பெரும்பாடு. முகவர் காட்டும் குழாயும் தொட்டியும் சேர்ந்த அமைப்பில் அதற்கு வழியே இல்லை. கூடவே கந்தகச் சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் வாடையும் போகாது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் டயரிலிருந்து கிடைக்கும் லிமோனீனைக் குறித்து 2015-இல் வெளியிட்ட திறனாய்விலும் பிரித்தல்தான் பெரிய தடையாகப் பேசப்படுகிறது.

உலைக்காரன் எழுதியது:

தமிழ்நாட்டில் இத்தகைய உலை ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், பொறியாளர் ஐயா சொல்லாமல் விட்ட நடைமுறைச் செய்திகளை எழுதுகிறேன். ஐயா சொன்னதுபோல் எண்ணெயை டீசலாக விற்க முடியாது. ஆனால் செங்கல் சூளைக்கும், உருக்காலைக்கும், கொதிகலனுக்கும் உலை எண்ணெயாக விற்கலாம், நாங்கள் விற்றோம். எடைக்கு எடை பார்த்தால் அதன் வெப்பமதிப்பு உலை எண்ணெயை ஒட்டியே இருக்கிறது. உலை எண்ணெயின் விலை ஏறும்போது இந்தத் தொழில் ஓடும், இறங்கும்போது படுத்துவிடும். எங்களுக்கு மாதம் தவறாமல் காசு தந்தது கம்பிதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது, கதவைத் திறக்கும் நேரம். சூடு முழுவதும் ஆறுவதற்குள், அடுத்த சுமையை ஏற்றும் அவசரத்தில் கதவைத் திறந்தால், உள்ளே இருக்கும் வாயுவோடு காற்று கலந்து வெடிக்கும். கரித்தூள் தானாகவே கனன்று எரியத் தொடங்கும். நைட்ரஜனைச் செலுத்தி உலையைக் கழுவிய பிறகே திறக்க வேண்டும் என்பது விதி. நைட்ரஜன் உருளைக்குக் காசு போகிறதே என்று முதலாளிகள் முதலில் கைவைப்பது அதில்தான். இரண்டாவது, ஆவி செல்லும் குழாய். மெழுகும் கரித்தூளும் சேர்ந்து அதன் வளைவில் அடைத்துக்கொள்ளும்; அழுத்தமானி முள் மெல்ல ஏறும்போதே நெருப்பைக் குறைக்கத் தெரிந்த ஆள் உலையருகில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உங்கள் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. எங்கள் ஊரில் மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில், உலை முழுச் சூட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் குளிர்நீர்ப் பம்பு நின்றுவிடும். ஆனால் 10 டன் ரப்பருக்கு மின்சாரம் போனது தெரியாது. அது ஆவியைத் தந்துகொண்டேதான் இருக்கும். குளிராத ஆவி எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாய் வழியாகப் பட்டறை முழுவதும் பரவும். டீசல் ஜெனரேட்டர் தானாகவே உடனே எடுத்துக்கொள்ளும்படி அமைக்காமல், லோட் ஷெடிங் பழகிய ஊரில் உலையைப் பற்ற வைக்காதீர்கள்.

இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2019 கணக்கில், 19 மாநிலங்களில் இருந்த 637 டயர் உலைகளில் 270 விதிகளைப் பின்பற்றவில்லை, 116 மூடிக் கிடந்தன. நான் விலகியதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இந்த எண்களையே சொல்வேன்.

ஃபீனிக்ஸ் டயர்க்கடை எழுதியது:

பொறியாளர் ஐயாவுக்கும் உலைக்கார அண்ணனுக்கும் மிக்க நன்றி. மைத்துனரிடம் இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினேன். அவர் முகம் வாடியது உண்மைதான், ஆனால் கேள்விகளை விடவில்லை. கரியைத் தென்னாப்பிரிக்க டயர் ஆலைகளுக்கு விற்க முடியாதா, லேடிஸ்மித்தில் டயர் ஆலை இருக்கிறதே என்கிறார். கழிவு எண்ணெயைச் சேர்ப்பது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

ஆய்வகத்துக்காரி எழுதியது:

வணக்கம் ஐயா. பைன்டவுனில் எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன்; உங்கள் இரண்டு கேள்விகளும் என் மேசைக்கு வருபவைதான்.

கரியை எடுத்துக்கொள்வோம். டயர் ஆலைக்கு வேண்டிய கார்பன் பிளாக் என்பது, துகளின் அளவும் மேற்பரப்பும் தரப்படுத்தப்பட்ட ஒரு பொருள். ஒரே டயரில் தரைப்பட்டைக்கு ஒரு தரம், பக்கச் சுவருக்கு வேறொரு தரம் என்று போட்டிருப்பார்கள். உலையில் எல்லாம் கலந்து, அவற்றின்மேல் படியும் கரியோடும், துத்தநாக ஆக்சைடோடும், சிலிக்காவோடும் சேர்ந்து வெளியே வருகிறது. அதை எரித்துப் பார்த்தால் 15 விழுக்காட்டுக்கு மேல் சாம்பல் தங்குவது வழக்கம். புதிய கார்பன் பிளாக்கில் சாம்பல் ஒரு விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். இப்போதைய கார் டயர்களில் சிலிக்கா கூடுதல் என்பதால் அவற்றின் கரி இன்னும் மட்டம். ஆலைகள் மீட்கப்பட்ட கரியை வாங்கவே வாங்காது என்பதில்லை. ஆனால் நுண்ணியதாக அரைத்து, குருணையாக்கி, மாதத்துக்கு மாதம் மாறாத தரத்தில் தர வேண்டும். லாரி டயரையும் கார் டயரையும் கலந்து கொட்டும் உலையால் அது முடியாது. அரைக்காத கரியை வெட்டவெளியில் கொட்டி வைத்தால் மழையில் துத்தநாகம் ஓடைக்குப் போகும். மீன்கள் அதைத் தாங்குவதில்லை.

கழிவு எண்ணெயைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. அதை உலையில் இடுவதே வீண். என்ஜின் எண்ணெயின் அடிப்படை மூலக்கூறுகள் ஓட்டத்தில் பெரிதாகக் கெடுவதில்லை. கெடுவது சேர்மானங்கள், கூடுவது தண்ணீரும் புகைக்கரியும் உலோகத் துகளும். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் மெருகேற்றினால் திரும்பவும் மசகு எண்ணெயாகவே பயன்படும். அப்படிப் பயன்படக்கூடிய சங்கிலியை 450 டிகிரியில் நொறுக்கி உலை எண்ணெயாக்குவது, மாலை கட்ட உதவும் பூவை உரக்குழியில் போடுவதற்குச் சமம். டயரோடு சேர்த்து ஓட்டினால் சூடு சீராகப் பரவும், எண்ணெயின் விளைச்சலும் சற்றுக் கூடும் என்பது ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் என்ஜின் எண்ணெயில் உள்ள துத்தநாக டைதயோபாஸ்பேட் என்ற தேய்மானத் தடுப்புச் சேர்மானம் சூட்டில் சிதைந்து கந்தக வாயுக்களைக் கூட்டுகிறது, பாஸ்பரஸ், எண்ணெயைப் பின்னால் சுத்திகரிக்கும்போது பயன்படும் வினையூக்கியைக் கெடுக்கிறது.

எண்ணெயைச் சேகரிப்பாளருக்கு விற்பதைத் தொடருங்கள், தரத்தை உயர்த்தி விற்கப் பாருங்கள் என்பதே என் யோசனை. பட்டறையிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஓர் இரும்புத் தகட்டை 130 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, எண்ணெயை ஒரு சொட்டு விடுங்கள். சத்தமின்றிப் பரவினால் தண்ணீர் இல்லை. குமிழ்விட்டுப் பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. அத்தகைய எண்ணெயை உலையில் ஏற்றினால் நூறு டிகிரியைத் தாண்டும்போது பொங்கி வழியும் என்பதையும் மைத்துனரிடம் சொல்லுங்கள். அடுத்தது குளோரினுக்கானது. ஒரு செம்புக் கம்பியின் நுனியை நெருப்பில் பச்சை நிறம் மறையும்வரை பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, எண்ணெயில் தோய்த்து, திறந்த வெளியில் மீண்டும் நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் கலந்திருக்க வாய்ப்புண்டு. பிரேக் துடைக்கும் சில தெளிப்பான்களின் மிச்சத்தை அதே பீப்பாயில் ஊற்றும் பழக்கமே பெரும்பாலும் காரணம். சூடேறும்போது அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிக் குளிர்கலனை அரித்துவிடும். ரேடியேட்டர் நீருக்கும், தெளிப்பானுக்கும், என்ஜின் எண்ணெய்க்கும் தனித்தனிப் பீப்பாய் வையுங்கள். பழைய மின்மாற்றியிலிருந்து வடித்த எண்ணெய் என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள். அதில் பிசிபி என்ற குளோரின் சேர்மம் இருக்கக்கூடும், அது வேறொரு சட்டத்தின்கீழ் வரும் நஞ்சு.

வடக்கே போன வீடு எழுதியது:

டர்பனின் சுத்திகரிப்பாலைகளை ஒட்டிய மெரபேங்கில் வளர்ந்து இப்போது டொங்காட்டில் குடியிருப்பவள் நான். வேதியியல் எனக்குத் தெரியாது. உரிமம் பற்றித் தெரியும், ஏனென்றால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக அந்தத் தாள்களைப் படிப்பவள் நான்தான்.

கழிவைச் சூட்டால் சிதைக்கும் ஆலைக்கு 2004-ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டப்படி வளிமண்டல உமிழ்வு உரிமமும், 2008-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டப்படி கழிவு உரிமமும் வேண்டும். டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சி எல்லைக்குள் காற்று உரிமத்தை மாநகராட்சியே வழங்குகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும், அக்கம்பக்கத்தாரின் கருத்துக் கேட்பும் முடியப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் உலையை இறக்குமதி செய்து வட்டி கட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது. முகவர்கள் பெரும்பாலும் இதை விலையில் சேர்ப்பதில்லை.

புதிய டயர் ஒவ்வொரு கிலோவுக்கும் 2017 பிப்ரவரியிலிருந்து 2.30 ராண்ட் வரி விதிக்கப்பட்டது. அந்தப் பணம் பதப்படுத்துபவர்களுக்கு மானியமாக வரும் என்று எண்ணிப் பலர் கணக்குப் போடுகிறார்கள். அது நேரே அரசுக் கருவூலத்துக்குப் போகும் பணம். பழைய டயர்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய 2012-இல் ஒப்புதல் பெற்ற ரெடிசா திட்டம் 2017-இல் கலைக்கப்பட்டதும், 2019-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பாணையை ரத்து செய்ததும், அதற்குள் சேகரிப்பு வேலை அரசின் கழிவு வாரியத்துக்குப் போய்விட்டதும் நடந்த கதை. டயர் யாருக்கு எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கோபிக்க வேண்டாம். குளிர்காலத்தில் நம் பள்ளத்தாக்குகளில் காலைப் பனியோடு புகை தரையிலேயே தங்கும். கந்தக வாடை என்றால் என்ன என்று மெரபேங்க் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமிலவாயுவைக் காரநீரில் கழுவும் கோபுரம் இல்லாத உலையை நான் எந்த ஊரில் கண்டாலும் ஆட்சேபம் எழுதுவேன்.

ஃபீனிக்ஸ் டயர்க்கடை எழுதியது:

கோபம் எதற்கு அம்மா? எங்கள் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். உலைக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக, டயரைப் பிரித்து, கம்பியை உருவி, துண்டாக்கி விற்கும் சிறிய இயந்திரத்தைப் பற்றி யோசிக்கிறோம். அப்படியானால் லாரி டயரையும் கார் டயரையும் தனித்தனியே அடுக்குவதால் பயன் உண்டா?

மெரபேங்க் பொறியாளர் எழுதியது:

உண்டு, தம்பி. லாரி டயரின் துண்டில் இயற்கை ரப்பரும் இரும்பும் கூடுதல், சிலிக்கா குறைவு. வாங்கித் தூளாக்குபவரும் சரி, பின்னாளில் முறையான உலை வைத்திருப்பவரும் சரி, கலக்காத துண்டுக்குக் கூடுதல் விலை கேட்க உங்களுக்கு இடம் கொடுப்பார்கள். துண்டாக்குவதற்கு முன் டயரின் விளிம்பில் இருக்கும் தடித்த கம்பி வளையத்தை உருவி எடுக்கும் இயந்திரத்தை முதலில் வாங்குங்கள். அதை எடுக்காமல் வெட்டினால் வெட்டுக்கத்தி விரைவில் மழுங்கிவிடும், அந்தக் கத்திகளின் விலைதான் இந்தத் தொழிலில் எதிர்பாராத செலவு. துண்டாக்குவதற்கும் கழிவு உரிமமோ பதிவோ தேவையா என்பது நீங்கள் கையாளும் அளவைப் பொறுத்தது. இயந்திரத்தை வாங்கும் முன் அதை மாநகராட்சியிடமும் கழிவு வாரியத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குவியலைக் கூரைக்கு அடியில் வையுங்கள், குவியல்களுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு வழி விடுங்கள்.